குடியை நிறுத்த விரும்புவோருக்கான கூட்டங்கள்: எங்கே தேடுவது, எப்படிப் போவது

சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பங்கள் எங்கள் களப் பணியாளர்களிடம் கேட்பவை பெரும்பாலும் காணி உறுதி, வீட்டுத்திட்டம், கிணறு, மின்சாரம் பற்றிய கேள்விகள்தான். அவற்றுக்கான விளக்கங்களை இக்கைநூலின் மற்றப் பகுதிகளில் காணலாம். இன்னொரு கேள்வியும் உண்டு. கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகு, வாசலில் வைத்து, குரலைத் தாழ்த்தித்தான் அதைக் கேட்பார்கள்: “இவருடைய குடியை நிறுத்த ஏதும் வழி இருக்கிறதா?” சில நேரம் கேட்பவர் குடிப்பவராகவே இருப்பார். இந்தப் பகுதி அந்தக் கேள்விக்காக எழுதப்பட்டது.

வழி இருக்கிறது. அது ஒரே நாளில் முடிகிற வழி அல்ல. வைத்திய உதவி, குடும்பத்தின் புரிதல், குடியை நிறுத்திய மற்றவர்களோடு தொடர்ந்து கூடுவது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் அது. மூன்றாவதைப் பற்றி எங்கள் பகுதியில் பலருக்குத் தெரியாது. ஆகவே அதையே இங்கு விரிவாகச் சொல்கிறோம்.

மீள்குடியேற்றத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வலிகாமம் வடக்கு மக்களில் பலர் 1990 இல் ஊரை விட்டுப் போனவர்கள். சிலர் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்தார்கள். கடலுக்குப் போனவருக்குக் கடல் இல்லை, தோட்டம் செய்தவருக்கு மண் இல்லை. கிடைத்த கூலி வேலை முடிந்ததும் பொழுது போக்கத் தவறணை மட்டும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரும் இடப்பெயர்வும் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகின்றன என்று எழுதியிருக்கிறார். மதுப் பாவனை கூடுவதும் அந்தக் காயத்தின் அடையாளங்களில் ஒன்று.

திரும்பி வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் திரும்பிய முதல் மாதங்கள் கடினமானவை. கூரையில்லாத சுவரும், பற்றை மண்டிய வளவும், இனித் திரும்பி வராதவர்களின் நினைவும் ஒன்றாக முன்னால் வந்து நிற்கும். முகாமில் இருந்தபோது குடியை நிறுத்தியவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அங்கே பக்கத்துக் கொட்டிலில் இருந்து அவரைக் கவனித்த நண்பரும், வாரம் ஒரு தடவை வந்த உளவளத்துணையாளரும், பேசிப் பழகிய வட்டமும் இங்கே இல்லை. ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துவிட்டார்கள். வீடு மாறும்போது பாடசாலைச் சான்றிதழையும் கிளினிக் கொப்பியையும் கவனமாக எடுத்து வருவது போல, இந்த ஆதரவையும் புதிய இடத்தில் தேடிப் பிடிக்க வேண்டும்.

குடிப்பழக்கமும் குடிநோயும்

குடிக்கிற எல்லோரும் குடிநோயாளர் அல்லர். பின்வரும் அடையாளங்களில் சில ஒன்றாக இருந்தால் கவனிக்க வேண்டும்:

• முன்பு ஒரு கிளாஸில் வந்த வெறி வருவதற்கு இப்போது அதிகம் தேவைப்படுகிறது.
• “ஒன்றோடு நிறுத்துவேன்” என்று தொடங்கி நிறுத்த முடியாமல் போகிறது.
• காலையில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, குடித்தால்தான் அது அடங்குகிறது.
• குடியால் வேலை, உடல், குடும்பம் கெடுவது தெரிந்தும் தொடர்கிறது.
• போத்தலை ஒளித்து வைப்பதும், எவ்வளவு குடித்தேன் என்பதில் பொய் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

மதுசாரத்தில் தங்கியிருக்கும் இந்த நிலையை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மனவுறுதி இல்லாதவர், குணம் கெட்டவர் என்ற பேச்சு இங்கே உதவாது. சலரோகம் வந்தவரை ஏசிச் சுகமாக்க முடியாதது போல இவரையும் ஏசிச் சுகமாக்க முடியாது.

கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, பியர் மது அல்ல என்றெல்லாம் சொல்லப்படுகிறது. கள்ளு, பியர், சாராயம், விஸ்கி எல்லாவற்றிலும் உள்ளது ஒரே மதுசாரம்தான், அளவுதான் வேறு. சாராயத்தை விட்டுக் கள்ளுக்கு மாறுவது குடியை விடுவதாகாது. கசிப்பில் என்ன கலந்திருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. மெதனோல் கலந்திருந்தால் கண்பார்வை போகும், உயிரும் போகலாம்.

முதலில் வைத்தியரைக் காணுங்கள்

இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பதென்றால் இதை வைத்திருங்கள்: நாள்தோறும் அதிகம் குடிப்பவர் வைத்திய உதவியின்றித் திடீரென்று முழுதாக நிறுத்துவது ஆபத்தானது.

கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, நித்திரையின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரையிலான காலத்தில் சிலருக்கு நினைவு தடுமாறும். இல்லாதவை கண்ணுக்குத் தெரியும், இடமும் ஆட்களும் அடையாளம் தெரியாமல் போகும். கவனிக்காமல் விட்டால் இறப்பும் நேரலாம்.

எங்கள் ஊர்களில் இது இப்படித்தான் நடக்கிறது. ஒருவர் நல்லூர்க் கொடியேற்றத்தன்று குடிப்பதில்லை என்று முடிவெடுக்கிறார். மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி எழும்பி ஓடுகிறார். வீட்டார் பேய் பிடித்துவிட்டது என்றோ சாமிக் குற்றம் என்றோ நினைத்துப் பார்வை பார்ப்பவரிடம் கொண்டுபோகிறார்கள். போக வேண்டிய இடம் வைத்தியசாலை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். வைத்தியசாலையில் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மருந்தும், மூளையைப் பாதுகாக்க விற்றமின் பி1 ஊசியும் கொடுப்பார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. குடியை நிறுத்தும் மருந்து என்று சொல்லி எவராவது தூளோ குளிசையோ விற்றால், அதைக் கணவருக்கோ மகனுக்கோ தெரியாமல் சாப்பாட்டில் கலக்காதீர்கள். டைசல்பிராம் என்ற மருந்து குடிநோய்ச் சிகிச்சையில் உண்மையாகவே பயன்படுகிறது. ஆனால் அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எடுப்பவருக்குத் தெரிந்து, அவருடைய சம்மதத்தோடு, வைத்தியர் மட்டுமே அதைக் கொடுக்கலாம்.

நேர்த்திக்குப் பின் என்ன?

மாலை போட்ட நாட்களில் குடிக்காதவர் உண்டு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் தொடாதவர் உண்டு. தவக்காலம் முழுவதும் விட்டிருப்பவரும் உண்டு. இவற்றைச் சிறிதாக நினைக்க வேண்டாம். தன்னால் முடியும் என்பதை அவர் தானே கண்டுகொண்ட நாட்கள் அவை.

ஆனால் மாலை கழற்றிய மறுநாள் என்ன நடக்கிறது? விரத நாட்களில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது. சேர்ந்து பஜனை பாடினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், ஒருவரை ஒருவர் “சாமி” என்று மரியாதையாக அழைத்தார்கள். மாலையோடு அந்தக் கூட்டமும் போய்விடுகிறது. மிஞ்சியிருப்பது பழைய கூட்டாளிகளும் பழைய மாலைப்பொழுதும்தான். நேர்த்தி தோற்கவில்லை, அதற்குரிய நாள் முடிந்துவிட்டது. ஆதரவுக் குழு என்பது முடிவு நாள் இல்லாத துணை. ஆண்டவனிடம் வைத்த நேர்த்தியைக் கைவிடச் சொல்லி எந்தக் குழுவும் கேட்பதில்லை.

ஆதரவுக் குழு என்றால் என்ன?

குடியால் துன்பப்பட்டவர்கள், குடிக்காமல் வாழ்வதற்காகக் குறித்த நாளில் குறித்த நேரத்தில் ஒன்றுகூடித் தங்கள் அனுபவத்தைக் கதைப்பதுதான் ஆதரவுக் குழு. அங்கே வைத்தியரோ அதிகாரியோ இருக்க வேண்டியதில்லை.

உலகில் அதிகம் அறியப்பட்டது ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ என்ற அமைப்பு. பெயர் வெளியிடாத குடிநோயாளர்கள் என்பது அதன் பொருள். சுருக்கமாக ‘ஏ.ஏ.’ என்பார்கள். 1935 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அக்ரன் என்ற நகரத்தில் அது தொடங்கியது. பில் வில்சன் என்ற பங்குத் தரகர் சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தார். வேலை விடயமாக அந்நகருக்கு வந்து, வந்த காரியம் சரிவராமல் போகவே மீண்டும் குடிக்கும் ஆசை அவரைப் பிடித்தது. போத்தலைத் தேடிப் போகாமல், தன்னைப் போல இன்னொரு குடிநோயாளரைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். இருவரும் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். அதே ஆண்டு யூன் 10 ஆம் திகதி பொப் ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளையே ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. உதவி கேட்டு வந்தவரும் காப்பாற்றப்பட்டார், உதவி செய்தவரும் காப்பாற்றப்பட்டார். இன்றுவரை எல்லாக் கூட்டங்களும் இந்த ஒரு அனுபவத்தின் மேல்தான் நிற்கின்றன.

இது பலன் தருகிறதா என்று கேட்பது நியாயம். 2020 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு ஒன்று 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபற்றிய 10,565 பேரையும் கணக்கில் எடுத்தது. முறையாக வழிகாட்டி ஏ.ஏ. கூட்டங்களில் சேர்த்துவிடப்பட்டவர்கள், மற்றச் சிகிச்சைகளைப் பெற்றவர்களுக்குச் சமமாக அல்லது அவர்களை விடக் கூடுதலாகக் குடிக்காமல் இருந்தார்கள் என்று அது கண்டது.

தமிழில் இது புதிதும் அல்ல. குடிநோய்க்குக் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையம், நோயாளரோடு குடும்பத்துக்கும் தனியாக உதவி வழங்குகிறது. மஞ்சக்குடி என்ற கிராமத்தில் அந்நிலையம் சிகிச்சை முகாம்கள் நடத்தி, நகரத்துக்கு வர முடியாதவர்களை அவர்களுடைய இடத்திலேயே கவனித்தது. தமிழிலே கூடும் ஏ.ஏ. குழுக்கள் தமிழ்நாட்டில் பல உண்டு.

முதல் நாள் போனால் என்ன நடக்கும்?

தெரியாத இடத்துக்குப் போகும் கூச்சமே பலரை வாசலோடு திருப்பிவிடுகிறது. ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

கூட்டம் பொதுவாக ஒரு மணித்தியாலம் அல்லது ஒன்றரை மணித்தியாலம் நடக்கும். கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். ஒருவர் தொடக்கி வைப்பார். அவர் தலைவர் அல்லர், அன்றைக்கு அவருடைய முறை, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்வார்கள்: எப்படிக் குடித்தேன், என்ன இழந்தேன், இப்போது எப்படி நாட்களைக் கடக்கிறேன். ஒருவர் கதைக்கும்போது மற்றவர்கள் இடைமறிப்பதில்லை, புத்தி சொல்வதில்லை. உங்கள் முறை வந்தால் “இன்றைக்கு நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்று சொன்னாலே போதும்.

சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். சந்தா இல்லை, படிவம் இல்லை. தேநீர்ச் செலவுக்காக ஒரு தட்டு சுற்றி வரலாம். போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்தக் கட்சி என்று கேட்பதில்லை. கடவுளைப் பற்றிப் பேச்சு வரும். அது அவரவர் புரிந்துகொண்ட கடவுள். சைவர், கிறிஸ்தவர், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு இப்போது திரும்பியிருக்கும் முஸ்லிம்கள், நம்பிக்கை இல்லாதவர்கள் எல்லோருக்கும் இடமுண்டு.

“இனி வாழ்நாள் முழுவதும் தொடமாட்டேன்” என்று அங்கே சத்தியம் கேட்பதில்லை. இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருப்பது, நாளைக்கு விடிந்ததும் திரும்ப அதே முடிவை எடுப்பது என்பதுதான் அவர்களுடைய வழி. கொஞ்சக் காலம் போனதும், அனுபவமுள்ள ஒருவரை உங்களுக்குத் துணையாகத் தெரிந்தெடுக்கலாம். ஆசை வரும் நேரத்தில் முதலில் அழைக்க வேண்டியது அவரைத்தான்.

சில கூட்டங்கள் எவரும் வந்து கேட்கக்கூடிய திறந்த கூட்டங்கள். சில குடிநோயாளருக்கு மட்டுமானவை. குடும்பத்தவர் கூட வருவதாயின் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நாலைந்து தடவை போய்ப் பாருங்கள். கூட்டம் எத்தனை மணிக்கு முடியும், உங்கள் பக்கம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்து வையுங்கள். திரும்பிப் போக வழியில்லாமல் நின்றவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

பெயர் எழுதுவார்களா?

இந்தக் கேள்விக்கு எங்கள் மண்ணில் வேறொரு கனம் உண்டு. பதிவு, பட்டியல், அடையாள அட்டை என்ற சொற்களோடு நாங்கள் நீண்ட காலம் பயந்து வாழ்ந்தவர்கள். ஆகவே தெளிவாகச் சொல்கிறோம்: ஏ.ஏ. முறையில் நடக்கும் கூட்டத்தில் முழுப் பெயரோ, அடையாள அட்டை இலக்கமோ, விலாசமோ தேவையில்லை. கூப்பிட ஒரு பெயர் சொன்னால் போதும். அங்கே கண்டவரையும் கேட்டதையும் வெளியில் கதைப்பதில்லை என்பது அடிப்படை விதி. சந்தையில் சந்தித்தாலும் “அங்கே கண்டோமே” என்று சொல்லமாட்டார்கள்.

வைத்தியசாலைக் கிளினிக் இதிலிருந்து வேறு. அங்கே சிகிச்சைக்காக உங்கள் பெயரும் விபரமும் பதியப்படும். அதையும் வெளியாருக்குக் கொடுப்பதில்லை.

ஒரு நிறுவனம் நடத்தும் குழுவில் வரவுப் பதிவுக்குக் கையொப்பம் கேட்டாலோ படம் எடுக்க முற்பட்டாலோ, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அது எங்கள் நிறுவனமாக இருந்தாலும் அப்படித்தான். மறுத்ததற்காக எந்த உதவியும் நிறுத்தப்படக் கூடாது.

எங்கே தேடுவது?

உள்ளூர்க் குழுக்களின் நாளும் இடமும் மாறிக்கொண்டிருக்கும். ஆகவே இங்கே நேர அட்டவணை தரவில்லை. எப்போதும் கேட்கக்கூடிய வாசல்களைத் தருகிறோம்.

1. வைத்தியசாலை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. தெல்லிப்பளையில் தங்கிச் சிகிச்சை பெறும் உளநல விடுதியும் உண்டு. பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறைப் பக்கத்தவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் கேட்டால், எங்கே எந்த நாளில் போக வேண்டும் என்று சொல்வார்கள். “விசர் ஆஸ்பத்திரி” என்ற ஊர்ப் பேச்சுக்குப் பயந்து நிற்காதீர்கள்.

2. பிரதேச செயலகம். உளவளத்துணை உத்தியோகத்தரைக் காண வேண்டும் என்று கேளுங்கள். காரணத்தை வரவேற்பு மேசையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டியதில்லை.

3. சாந்திகம். 1987 முதல் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை வழங்கிவரும் நிறுவனம். தனியாகவும் குடும்பமாகவும் கதைக்கலாம்.

4. தொலைபேசி. 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் உதவி இலக்கம். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். தமிழில் கதைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

5. கைத்தொலைபேசி வழிக் கூட்டங்கள். ஏ.ஏ. கூட்டங்கள் இப்போது சூம் மூலமும் நடக்கின்றன. பக்கத்தில் குழு இல்லாதவருக்கும், ஊரார் கண்ணில் படக் கூச்சப்படுபவருக்கும், பெண்களுக்கும் இது உதவும். படத்தை மறைத்துக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பவர் இப்படிக் கேட்கலாம்: “குடியை நிறுத்த உதவி வேண்டும். கிளினிக் எந்த நாளில்? சிகிச்சை முடிந்த பிறகு சேர்வதற்குத் தமிழில் ஏதும் குழு இருக்கிறதா? அங்கே போகிற ஒருவரோடு என்னைத் தொடர்புபடுத்த முடியுமா?” கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். விலாசத் துண்டை வாங்கிக்கொண்டு தனியே போவதைவிட, கூட்டிப்போக ஒருவர் இருந்தால் போவது எளிது.

உங்கள் ஊரில் குழு இல்லையென்றால்

ஏ.ஏ. தொடங்கியபோது இருந்தவர்கள் இருவர் மட்டுமே. குடியை நிறுத்திய, நிறுத்த விரும்பும் இருவர் உங்கள் ஊரில் இருந்தால் குழு தொடங்கலாம். சனசமூக நிலையம், பாடசாலை வகுப்பறை, தேவாலய மண்டபம், கோயில் மடம் என்று தவறணைக்குப் பக்கத்தில் இல்லாத ஓர் இடம் போதும். நாளையும் நேரத்தையும் முடிவுசெய்து, மழையானாலும் ஒருவர் மட்டும் வந்தாலும் கதவைத் திறவுங்கள். வேலை முடிந்து தவறணைக்குப் போகிற அதே நேரத்தில் கூட்டத்தை வைப்பது நல்லது.

இடம் எடுத்துத் தருவது, உளவளத்துணை உத்தியோகத்தரை முதல் சில கூட்டங்களுக்கு அழைப்பது போன்றவற்றில் எங்கள் களப் பணியாளர் உதவுவார். அதற்கு மேல் நாங்கள் செய்யப்போவதில்லை, குழுவுக்குக் காசும் தரப்போவதில்லை. ஏ.ஏ. குழுக்கள் வெளியாரிடம் பண உதவி பெறுவதில்லை என்பது அவர்களுடைய மரபு. அதில் ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. நிவாரண நிறுவனங்கள் வருவதையும் திட்டம் முடிந்ததும் போவதையும் நீங்கள் பல தடவை பார்த்தவர்கள். நாங்கள் போகும் நாளில் குழுவும் போய்விடக் கூடாது.

அவர் வர மறுத்தால்

பெரும்பாலான குடும்பங்களின் நிலை இதுதான். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிநோயாளரின் குடும்பத்தினருக்கென ‘அல்-அனொன்’ என்ற அமைப்பு 1951 இல் உருவானது. அதன் வழி எளிமையானது: அவருடைய குடியை நீங்கள் உண்டாக்கவில்லை, அதைக் கட்டுப்படுத்தவும் உங்களால் முடியாது, ஆனால் உங்கள் வாழ்க்கையை ஒழுங்குபடுத்த முடியும். அந்தப் பெயரில் குழு கிடைக்காவிட்டாலும், உளநலக் கிளினிக்கிலும் பிரதேச செயலகத்திலும் குடும்பத்தவர் தனியாகப் போய்க் கதைக்கலாம்.

வீட்டில் கடைப்பிடிக்கக்கூடிய சில:

• வெறியில் இருப்பவரோடு வாதாட வேண்டாம். காலையில், தெளிவாக இருக்கும்போது, என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள்.
• அவருக்காக மேசனிடமோ முதலாளியிடமோ “காய்ச்சல்” என்று பொய் சொல்ல வேண்டாம். கடன்காரருக்கு நீங்கள் ஒளிந்து காசு கட்டவும் வேண்டாம். விளைவு தெரியாதவருக்கு நிறுத்தக் காரணமும் தெரியாது.
• வீட்டுத்திட்டக் காசு கட்டம் கட்டமாக வரும் நாட்கள் ஆபத்தான நாட்கள். காசு கைக்கு வரும் முன்பே, சீமெந்துக்கும் ஓட்டுக்கும் எவ்வளவு என்று இருவரும் இருந்து கணக்கெழுதி, கடைக்கு நேரடியாகக் கட்டிவிடப் பாருங்கள். அவர் தெளிவாக இருக்கும் நாளில் அவரே இதற்குச் சம்மதிப்பது நல்லது.
• வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: போத்தல் கொண்டுவர வேண்டாம்.

அடி, உதை, கொலை மிரட்டல் இருந்தால் அதைக் குடியின் கணக்கில் எழுதிப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கானது 1929, பொலிஸ் அவசர இலக்கம் 119.

குடிப்பவர் பெண்ணாக இருந்தால் அவருக்கும் இதே உதவி உண்டு. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து பெண்கள் பிந்தியே வருகிறார்கள். பெண் உத்தியோகத்தரிடம் கதைக்க வேண்டும் என்று கேட்கலாம்.

மீண்டும் குடித்துவிட்டால்

பலர் ஒரு தடவையில் நிறுத்தியவர்கள் அல்லர். செத்தவீட்டில் ஒரு கிளாஸ், கலியாண வீட்டில் ஒரு கிளாஸ், பழைய கூட்டாளி வற்புறுத்திய ஒரு நாள் என்று சறுக்கல் வரும். அன்றோடு எல்லாம் போய்விட்டது என்று குடும்பமும் நினைக்கும், அவரும் நினைப்பார். அப்படி நினைத்துத் தொடர்ந்து குடிப்பதுதான் பெரிய சேதம்.

சறுக்கியவர் செய்ய வேண்டியது, அடுத்த கூட்டத்துக்குப் போய் நடந்ததைச் சொல்வது. அங்கே எவரும் வெளியேற்றமாட்டார்கள். அங்கிருப்பவர்களில் பலர் அந்த வழியால் வந்தவர்களே. சில நாட்கள் தொடர்ந்து அதிகம் குடித்திருந்தால், மறுபடி நிறுத்தும் முன் வைத்தியரைக் காணுங்கள். முன்பு சொன்ன நடுக்கமும் வலிப்பும் திரும்பவும் வரலாம்.

பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நாலும் ஆசையைக் கிளப்பும் என்று குழுக்களில் அடிக்கடி சொல்வார்கள். வேலை முடிந்து வருபவருக்கு வீட்டில் சாப்பாடும் தேநீரும் தயாராக இருப்பது சிறிய விடயமாகத் தெரியலாம். பின்னேரம் ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் அது பெரிய உதவி.

இந்த வாரம் செய்யக்கூடியது

நாள்தோறும் குடிப்பவராக இருந்தால், கிளினிக் நாளைக் கேட்டு அறிந்து ஒரு தடவை போங்கள். ஏற்கனவே நிறுத்தி முகாமிலிருந்து திரும்பியவராக இருந்தால், பழைய குழுவில் இருந்த ஒருவருக்கு இன்றே தொலைபேசி எடுங்கள், இருவருமாகப் புதிய இடத்தைத் தேடுங்கள். குடும்பத்தவராக இருந்தால், 1926 அல்லது 1927 க்கு ஒரு தடவை அழைத்து உங்கள் நிலையைச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தைத் தனியாகக் கிழித்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். வேண்டியவருக்குக் கொடுப்பதானால் ஒன்றும் சொல்லாமல் கொடுங்கள். மேலும் பிரதிகள் எங்கள் களப் பணியாளரிடம் உண்டு. யாருக்கு என்று அவர் கேட்கமாட்டார்.